உலுவாட்டு குரங்குக் கோயில் டூர்: 12 லட்சம் ருப்பியா போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

பாலிக்கு வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். உலுவாட்டு கோயில் டூருக்கு 12 லட்சம் ருப்பியா கட்டினேன். நம் பணத்தில் ஆறாயிரத்துக்கு மேல். நுழைவுச் சீட்டை அங்கே வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம், அதற்கு இவ்வளவு தேவையே இல்லை. நான் கட்டியது கைடுக்காக.

குரங்குகளைச் சமாளிக்கத் தெரிந்த கைடு உள்ளே கடைசி வரை கூடவே வருவார் என்று நான் பதிவு செய்த பயண முன்பதிவு ஆப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதோடு விடாமல் சாட்டிலும் கேட்டேன். "அம்மாவுக்கு எழுபது வயது. கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாது. கைடு கட்டாயம் வருவாரா?" உடனே பதில் வந்தது: "நிச்சயம் வருவார், நிம்மதியாக வாருங்கள்." அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

வந்தது டிரைவர் மட்டும். "கைடு உள்ளே நிற்பார் சார்" என்று வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஒருவரும் இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை.

அந்தக் கோயில் செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது. சுமார் 70 மீட்டர் கீழே கடல். விளிம்பை ஒட்டிய பாதையில் போகும்போது மதில் மேலிருந்து ஒரு குரங்கு அம்மாவின் தோளில் குதித்தது. அடுத்த நொடி கண்ணாடி அதன் கையில். "ஒண்ணுமே தெரியலடா, கையை விட்டுடாதே" என்று அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது ஓடக்கூட இல்லை. எதிரிலேயே உட்கார்ந்து மூக்குப் பிடி ரப்பரைப் பிய்த்துக் கடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தது.

அங்குள்ள நீள்வால் குரங்குகள் பொருளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தீனி கொடுத்தால்தான் விடும். எதைப் பிடுங்கினால் அதிகம் கிடைக்கும் என்பது வளர்ந்த குரங்குகளுக்குத் தெரியும் என்று 2021-ல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்த இந்தப் பயத்தைக் காட்டித்தானே அந்த ஆப் கைடை விற்கிறது! கோயில் ஊழியர் ஒருவர் பழம் கொடுத்து கண்ணாடியை மீட்டுத் தந்தார், அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு பக்கக் காம்பு உடைந்து, லென்ஸ் முழுக்கப் பல் கீறல். மாலையில் அங்கே நடக்கும் பாலியின் கெச்சாக் நடனத்தையும் பார்க்காமலே திரும்பினோம்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்." அடுத்து "உள்ளூர் ஏஜென்டைக் கேளுங்கள்." அந்த ஏஜென்ட் "ஆப்பில் கேளுங்கள்" என்கிறார். கடைசியாக "வனவிலங்குகளின் செயலுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று புகாரை மூடிவிட்டார்கள். குரங்கைப் பற்றி யார் கேட்டது? வராத கைடுக்கு வாங்கிய 12 லட்சம் ருப்பியாவைத்தானே கேட்கிறேன்!

போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் முடிகிறது. கைடை நேரில் பார்க்காமல் காரை விட்டு இறங்காதீர்கள். கண்ணாடி, தொப்பி, கம்மல் எல்லாம் பைக்குள் போகட்டும். கண்ணாடி இல்லாமல் முடியாதென்றால் பின்னால் இறுக்கும் கயிறு மாட்டுங்கள். பிடுங்கினால் இழுத்துச் சண்டை போடாதீர்கள், ஊழியரைக் கூப்பிடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பாலியில் 2008 முதல் ரேபிஸ் என்ற வெறிநோய் இருக்கிறது.

சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கார்டு வங்கிக்குப் புகார் அனுப்பிவிட்டேன். 12 லட்சம் ருப்பியாவும் திரும்பி வரும் வரை விடமாட்டேன்.