கட்டலீனா பறக்கும் படகு, 72இல் ஒன்று அளவு: சக்கரக் குழியை அடைத்தால்தான் கொக்கலைப் படகு

இது துண்டுகளை ஒட்டிச் செய்யும் பிளாஸ்ரிக் மாதிரிப் பெட்டி. மூடியில் சக்கரத்தை இறக்கியபடி வருகிற கட்டலீனாவின் படம்; உடலே படகாக அமைந்து நீரில் இறங்கும் விமானம் அது. உள்ளே இருப்பதும் அதுதான்: நீரிலும் ஓடுபாதையிலும் இறங்கும் பிபிவை-5ஏ. வன்னியில் இதை வாங்குகிறவர் 1942 ஏப்ரலில் இலங்கையின் தெற்கே கொக்கலைக் களப்பிலிருந்து பறந்த படகை மனதில் வைத்து வாங்கினால், இந்தப் பெட்டி அப்படியே உதவாது. கனேடிய 413ஆம் படையணியின் லெனார்ட் பேர்ச்சல் ஓட்டிய, ஏஜே155 என்ற இலக்கமுள்ள படகு மார்க் 1 என்ற ரகம். அதற்குச் சக்கரமே இல்லை. கரையேற்ற வேண்டுமானால் நீரில் நிற்கும்போதே தனிச் சக்கரங்களைப் பூட்டிக் கயிறு போட்டு இழுப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் வவுனியாவில் போட்ட ஓடுபாதை அதற்குப் பயன்படாது, களப்புத்தான் வேண்டும்.

ஆனாலும் வாங்கலாம். வடிவம் சரி. உண்மையான இறக்கை 31.7 மீற்றர், நீளம் 19.46 மீற்றர், செய்து முடித்த மாதிரி ஏறத்தாழ 44 சென்ரிமீற்றர் இறக்கையும் 27 சென்ரிமீற்றர் நீளமும் வருகிறது. வைக்கிற தட்டை முதலில் அளந்து பாருங்கள்.

மார்க் 1 ஆக்குவதற்கான வேலை முழுக்க உடலின் இரு பக்கச் சக்கரக் குழிகளில்தான். அரை மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் தகட்டைக் குழியின் வடிவத்துக்கு வெட்டி, உள்ளேயிருந்து தாங்கு துண்டு கொடுத்து ஒட்டுங்கள். மேலே பூச்சுக்களியை ஒரே தடவையில் அப்பக்கூடாது. தடித்த களி உலரும்போது சுருங்கி, நிறம் அடித்த பிறகு பள்ளம் காட்டும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி, பிறகு 400, 800, 1200 என்று அரத்தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பது. மூக்குச் சக்கரத்தின் கதவுகளையும் மூடி ஒட்டி, இடுக்கை நிரப்ப வேண்டும். உடலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் கண்ணாடிக் குமிழ்களுக்குப் பெட்டியில் உள்ள துப்பாக்கிகள் அமெரிக்க 0.50 அங்குல ரகம். மார்க் 1இல் இருந்தவை 0.303. பார்ப்பவர் கண்ணில் படாது என்று விட்டுவிடாதீர்கள், குமிழ் முழுக்கக் கண்ணாடி.

சக்கரத்தோடேயே செய்கிறவர்களுக்கு வேறு தொல்லை. வால் பாரத்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அறிவுறுத்தல் தாளில் சொன்ன எடை போதவில்லை. உடலையும் இறக்கையையும் ரேப்பால் கட்டி, பிரதான சக்கரங்களில் நிறுத்தி, மூக்கில் எடையைக் கூட்டிக்கொண்டே போங்கள். மூக்கு கீழே வந்த பிறகும் இன்னும் ஐந்து கிராம் சேருங்கள், நிறமும் களியும் பின்னால் பாரம் ஏற்றும். முல்லைத்தீவில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டே போதும், தட்டி நசுக்கி விமானி இருக்கையின் கீழே வைக்கலாம். அதை வெள்ளைப் பசையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கும், அது ஊதிப் பருத்துச் சில ஆண்டுகளில் உடலையே பிளந்துவிடும். இரு பகுதி எப்பொக்சிதான் பாதுகாப்பு.

இறக்கை உடலில் ஒட்டியிருக்காது. நடுத்தூண் ஒன்றின் மேல் குடைபோல நிற்கும், பக்கத்துக்கு இரண்டு தாங்குகம்பி. இந்தப் பெட்டியின் மிகப் பலவீனமான இடம் அந்தத் தூண். துளை தளர்வாக இருப்பதால் இறக்கை ஒருபக்கம் சாயும். விரைவில் இறுகும் பசை வேண்டாம். எப்பொக்சி பூசி, இரு நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரமா என்று அளவுகோலால் பார்த்து, புத்தகங்களை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். தாங்குகம்பிகளை மறுநாள் வைக்கலாம்.

கண்ணாடிக் குமிழ்கள் மெல்லியவை, தெளிவானவை, பெட்டியின் சிறந்த துண்டுகள். சுப்பர் குளூவின் ஆவி பட்டால் பால்போல வெளுக்கும், அதனால் இங்கே மட்டும் வெள்ளைப் பசை. தபாலில் வரும்போது வெடித்திருந்தால் தனியாக மாற்று வாங்குவது கடினம். களிமண்ணில் அச்சு செய்து காயவைத்து, சோடாப் போத்தலின் தெளிந்த துண்டைச் சூடாக்கி அதன்மேல் இழுத்தால் பதில் துண்டு கிடைக்கும்.

அந்தக் குமிழில் இருந்து பார்த்த கண்களுக்காகவே இந்தப் படகு கட்டப்பட்டது. மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில் நகர்ந்து, இருபது மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்கும். சண்டைக்கு அல்ல. 1942 ஏப்ரல் 4இல் பேர்ச்சலின் குழு இலங்கைக்குத் தெற்கே கடலில் ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியச் சீரோ சண்டை விமானங்கள் படகைச் சுட்டு வீழ்த்தின. 20 மில்லிமீற்றர் பீரங்கிக்கு முன் இந்த மெல்லிய அலுமினியத் தோல் என்ன செய்யும்? ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், ஆறு பேர் சிறைப்பட்டார்கள். கொழும்பு மறுநாளும் திருகோணமலை 9ஆம் திகதியும் தாக்கப்பட்டன. விமானச் சத்தத்துக்குப் பதுங்குகுழி தேடிய ஊர்களில் இந்த மாதிரியைப் பிள்ளைகளிடம் காட்டும்போது, துப்பாக்கியைவிட அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்வதுதான் நியாயம்.

கப்பல் தொடருக்குக் காவலாக வைத்துச் செய்வதானால் இறக்கையின் கீழே நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டுகளைத் தொங்கவிட வேண்டும். பெட்டியில் சாதாரணக் குண்டுதான் இருக்கிறது. பிரித்தானிய 250 இறாத்தல் குண்டு பீப்பாய் வடிவம், 11 அங்குல விட்டம். இந்த அளவில் சுமார் 4 மில்லிமீற்றர், லொலிபொப்பின் பிளாஸ்ரிக் குச்சியை வெட்டினால் சரியாக வரும். நான்கு போதும். ஐம்பது அடி உயரத்துக்குத் தாழ்ந்து வரிசையாகப் போடுவார்கள். மூழ்கத் தொடங்கிய நீர்மூழ்கி ஆழத்துக்குப் போயிருக்காது என்பதால் வெடிக்கும் ஆழம் 25 அடி என்று வைக்கப்பட்டது. ஒன்றையும் மூழ்கடிக்காவிட்டாலும் காவலுக்குப் பலன் இருந்தது. மேலே பதினேழு நொட் ஓடிய ஜேர்மன் நீர்மூழ்கி, விமானத்தைக் கண்டு மூழ்கினால் ஏழெட்டு நொட்டுக்குள் அடங்கும், தொடர் தப்பிப் போய்விடும்.

நிறம்: மேலே இருவகைச் சாம்பல், ஒன்று பச்சை கலந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் தெளிக்காதீர்கள்; அக்ரிலிக் நிறம் மாதிரியில் விழுமுன்னே காய்ந்து மணல்போல் ஒட்டும், தூசியும் சேரும். விடியற்காலையில் தரைக்கு நீர் தெளித்துவிட்டு அடித்து, உடனே பெரிய பாத்திரம் ஒன்றால் மூடிவிடுங்கள். மாரியில் லாக்கர் பூச்சு ஈரத்தால் வெண்மை படரும், மழை விட்டு ஒருநாள் வெயில் பார்த்த பிறகே அடிக்கலாம்.

ஒட்டுப்படங்களில் விமானப்படைச் சின்னமாகச் சிவப்பு மையம் இல்லாத நீல வட்டங்கள் இருக்கின்றன. ஜப்பானியச் சின்னத்தோடு மயங்காமலிருக்கச் சிவப்பை எடுத்தது ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு. பேர்ச்சலின் படகுக்கு அவற்றை ஒட்டக்கூடாது, சிவப்பு மையம் உள்ள வட்டத்தைத் தனியாகத் தேட வேண்டும். எந்த வட்டமானாலும் முதலில் மினுக்கப் பூச்சு அடித்து, மேலே ஒட்டி, பிறகு மங்கல் பூச்சு. நேரே மங்கல் நிறத்தில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளிபோல் மின்னும்.