மாமாவின் காடியும் இடது முன்சக்கரமும்

மூன்று வருஷம் கழித்து மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊர் தாப்பா போய், இங்கிலாந்தில் லெஸ்டருக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. அங்கே பிரேக் பிடிக்காமல் மலை இறங்கியதை நினைத்தால் இன்னும் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

நான் ஓட்டியது மாமாவின் காடி (கார்). தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது அவர் புதிதாக எடுத்த ஃபோர்வீல் அது. 18 வருஷம் ஆகிவிட்டது. செம்பனை (எண்ணெய்ப் பனை) லாரிக்குப் பின்னால் செம்மண் பாதையிலேயே ஓடியும் எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது. ஆனால் பிரேக் பிடித்துக் காலை எடுத்த பிறகும் காடி இடது பக்கமே ஒதுங்கியது. மலைமேல் ரிங்லெட்டில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு அம்மாவை ஏற்றிப் போக வேண்டும் என்பதால், பெரிய ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். ஏசி அறையில் உட்கார வைத்து, அரை மணி நேரத்தில் முன்சக்கரம் இரண்டுக்கும் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றி, 280 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள்.

"இன்னும் இழுக்குதே தம்பி?"

"பழைய காடி இல்லையா அண்ணே, அப்படித்தான் இருக்கும்."

அந்தப் பதிலை நம்பி மலை ஏறியது என் தப்பு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, வளைவுக்கு மேல் வளைவு வரும் அந்தப் பழைய சாலையில், முதலில் கருகல் வாடை வந்தது. எதிரே வந்த லாரிக்காரன் கையை நீட்டி எங்கள் சக்கரத்தைக் காட்டிவிட்டுப் போனான். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன், பஞ்சை மிதித்த மாதிரி கால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அம்மா வாய்க்குள் முருகனைக் கூப்பிடுவது கேட்டது. கியரை 'எல்'லுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, லாத்தா இஸ்கந்தார் அருவிப் பக்கம் ஒருவழியாக நிறுத்தினேன். இடது முன்சக்கரத்திலிருந்து புகை. தண்ணீர் ஊற்றப் போனவனைப் பெத்தாய்க் காய் விற்ற அஸ்லிப் (பழங்குடி) பெரியவர் தடுத்தார். சூட்டோடு ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இங்கிலாந்தில் 3 வருஷம் தாண்டிய காடி ஒவ்வொரு வருஷமும் எம்ஓடி சோதனைக்குப் போயே தீர வேண்டும். உருளையில் ஏற்றிச் சக்கரம் சக்கரமாகப் பிரேக் பார்ப்பார்கள். அந்தச் செலவுக்கு நானே முணுமுணுத்தவன்தான். நம் ஊரில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் 6 மாதத்துக்கு ஒரு சோதனை உண்டு. சொந்தக் காடியைக் கைமாற்றும்போதுதான் புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிலையம்) ஞாபகமே வரும். மாமா புதிதாக எடுத்தவர், விற்கவே இல்லை. இன்சூரன்ஸும் ரோட் டேக்ஸும் தவறாமல் கட்டியிருக்கிறார். பிரேக்கை மட்டும் 18 வருஷமாக யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கோயில் பக்கத்துப் பட்டறைக்குப் போனேன். அப்பா மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் விட்டு, 555 நோட்டில் கடன் எழுதச் சொல்லிவிட்டு வருவாரே, அதே பட்டறைதான். இப்போது மகன் பார்க்கிறார். உட்கார நாற்காலிகூட இல்லை.

அவர் பேட்டைத் தொடவே இல்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, என்னைப் பிரேக்கை மிதித்து விடச் சொன்னார். விட்ட பிறகும் இடது சக்கரம் சுற்றவில்லை. இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் நட்டைத் தளர்த்தினார். சக்கரம் அசையவில்லை. பேட்டை அழுத்தும் கேலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தார். பிரேக் எண்ணெய் சீறிக்கொண்டு வந்தது, சக்கரம் ஒற்றை விரலுக்குச் சுற்றியது.

"பார்த்தீங்களா அண்ணே? ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதிப்போச்சு. எண்ணெயை உள்ள விடுது, திரும்ப விட மாட்டேங்குது."

கழற்றிய ஹோஸ் வெளியே நல்லபடியாகத்தான் இருந்தது. நறுக்கிக் காட்டினார், ஈர்க்குச்சி நுழையாது. அதனால்தான் பேட் டிஸ்க்கை விடாமல் தேய்த்துச் சூடேறியிருக்கிறது. புதுப் பேட் அதற்குள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மாற்ற வேண்டியதாயிற்று. டப்பாவிலிருந்த எண்ணெய் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும், தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, காலுக்குக் கீழே பஞ்சு.

இரண்டு ஹோஸ், பேட், டாட் 4 எண்ணெய், மூன்று மணி நேர வேலை, எல்லாம் சேர்த்து 260 வெள்ளி. அந்தப் பளபளப்பான இடத்தில் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்தது என் அம்மா. பட்டறைத் தம்பி எண்ணெய் மூடியின் மேல் மார்க்கரால் தேதி எழுதி, "2 வருஷத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுங்க" என்றார். மாமா அதை ஹேண்ட்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மாவோடு அதே மலைக்குப் போய் இறங்கினேன். லாத்தா இஸ்கந்தாரில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாகப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். முன்னே இரண்டும் ஒரே சூடு. அம்மா அதற்குள் பெத்தாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.