டோ பெல்ட்: 4 வருஷம் இழுத்துப் பாத்ததுல புரிஞ்சது

அவசரத்துக்கு டிக்கில ஒண்ணு கிடக்கட்டுமேன்னு டோ பெல்ட் (நின்னுபோன, சிக்கின வண்டிய இன்னொரு வண்டில கட்டி இழுக்கிற பட்டை) வாங்கிப் போட்டு 4 வருஷம் ஆச்சு, இப்ப இருக்கிறது ரெண்டாவது. முதல்ல வாங்கினது ரெண்டு முனையிலயும் இரும்புக் கொக்கி வச்சது, மேல கொட்டை எழுத்துல 5 டன்னு போட்டிருந்துச்சு, நம்ம வண்டி ஆளு சாமானோட சேந்தாலே 2 டன்னுக்குள்ளதான், தாராளமா போதும்னு நெனச்சேன். மூணாவது தடவை, சேத்துல அச்சு வரைக்கும் இறங்கின ஒரு வண்டிய இழுக்கும்போது பெல்ட்டுக்கு ஒண்ணும் ஆகல, கொக்கிதான் வாயப் பொளந்துகிட்டு கழண்டு பறந்து போய் என் வண்டி பின் பம்பர்ல அடிச்சு ஓட்டை. நடுவுல யாரும் நிக்கல, அது எங்க நல்ல நேரம்.

அப்புறம்தான் அந்த 5 டன் என்னன்னே பாத்தேன். அது பெல்ட் அறுந்து போற அளவு, நிம்மதியா இழுக்கலாம்ங்கிற அளவு இல்ல. சேறு வண்டிய கவ்விப் பிடிச்சிருக்கும்போது வர்ற இழுவை வண்டியோட எடையையே தாண்டிப் போயிடும், அதனால அறுபடுற அளவு வண்டியோட மொத்த எடையப் போல 2ல இருந்து 3 மடங்காவது இருக்கணும்னு சொல்றாங்க. இப்ப நான் வச்சிருக்கிறது 8 டன், 5 மீட்டர், கொக்கியே கிடையாது, ரெண்டு பக்கமும் தச்ச லூப் மட்டும்தான், அதுல ஷேக்கிள் (குறுக்க ஆணி போட்டு மூடுற U வடிவ இரும்பு வளையம்) மாட்டிக்கிறேன்.

முக்கியமா ஒண்ணு, டோ பெல்ட் வேற ஸ்னாட்ச் ஸ்ட்ராப் வேற. டோ பெல்ட் பெரும்பாலும் பாலியஸ்டர், அவ்வளவா நீளாது, மெதுவா இழுத்துட்டுப் போகத்தான் அது. ஸ்னாட்ச் நைலான், 9 மீட்டர் இருந்தா இழுக்கும்போது கிட்டத்தட்ட 11 மீட்டர் வரைக்கும் நீண்டு ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கும், அந்த சுருக்கம்தான் சிக்கின வண்டிய வெளிய உருவுது. இது தெரியாம பாலியஸ்டரப் போட்டு பின்னாடி வந்து வேகமெடுத்து வெடுக்குன்னு இழுத்தா அந்த அடி முழுசும் மாட்டின இடத்துலதான் விழும். என்கிட்ட இருக்கிறது பாலியஸ்டர், அதனால முதல்ல பெல்ட்ட விறைப்பாக்கிட்டு ஃபர்ஸ்ட் கியர்ல நிதானமாதான். அதுக்கும் முன்னாடி சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மண்ண வெட்டி எடுத்துடுவேன், பாதி நேரம் அதுலயே வேலை முடிஞ்சிடும்.

எங்க மாட்டுறதுங்கிறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. டிரெய்லர் மாட்டுற உருண்டை இருக்கு பாருங்க, அதுல மாட்டவே கூடாது, ஒடஞ்சா குண்டு மாதிரி பறக்கும். கார்ல ஸ்டெப்னி பக்கத்துல திருகி மாட்டுற ஒரு வளையம் குடுத்திருப்பாங்க, நெறைய வண்டில அதோட மரை இடப்பக்கமா திருகுறது, வலப்பக்கமாவே திருகிப் பாத்துட்டு பொருந்தலைன்னு ஒருத்தர் அரை மணி நேரம் மழைல நின்னாரு (நான்தான்). ஆனா அதுவும் ரோட்டுல இழுத்துட்டுப் போகத்தான், ஆழமா சிக்கினதுக்கு அத நம்ப முடியாது.

பராமரிப்புன்னா, சேத்தோட சுருட்டி டிக்கில போட்டா மணல் நெசவுக்குள்ள பூந்து உள்ளுக்குள்ளயே நூல அறுக்கும். என் பழைய பெல்ட்ட மடக்கினப்ப நறநறன்னு சத்தம் கேட்டுச்சு. இப்ப ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணில அலசி நிழல்லதான் காயப் போடுறேன், வெயில்ல கிடந்தா நூலு வீக்காயிடும். நீளம் பத்தலைன்னு முடிச்சு போடுறதும் வேண்டாம், பலத்துல பாதிய அந்த முடிச்சே தின்னுடும்.

போன மாசம் பாத்தேன், ஒரு லூப் ஓரத்துல நகக்கண் அளவுக்கு நூல் பிரிஞ்சிருக்கு, பம்பருக்கு அடியில ஏதோ கூர்ல உரசியிருக்கணும். அத இனிமே இழுக்க எடுக்கிறதில்ல, சாமான் கட்டத்தான். அடுத்தது நைலான்ல பாக்கப் போறேன், லூப்ல உறை வச்சுத் தச்சதா.