ஆவடியில் பிறந்த இரண்டு டாங்கிகள்: அர்ஜுனும் டி-90-உம்

சென்னையை ஒட்டிய ஆவடிக்கு இந்த ஒப்பீட்டில் இரட்டைப் பங்கு உண்டு. அர்ஜுனை வடிவமைத்த ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. ரஷ்ய உரிமத்தில் டி-90 உருவாகும் கனரக வாகனத் தொழிற்சாலையும் அங்கேதான். அந்தத் தொழிற்சாலையே அர்ஜுனையும் கட்டுகிறது.

அர்ஜுன் திட்டத்துக்கு 1974-இல் ஒப்புதல் கிடைத்தது. 2004-இல்தான் முதல் வண்டிகள் ராணுவத்தின் கைக்கு வந்தன. இந்த முப்பது ஆண்டுத் தாமதத்தை மன்னிப்பது எனக்கும் கடினம். அதற்குள், 2001-இல், 310 டி-90 வாங்க ரஷ்யாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

டி-90 ஏறக்குறைய 46 டன் எடையும் 1,000 குதிரைத்திறனும் கொண்டது, உள்ளே மூவர். 125 மி.மீ. குழலில் குண்டை இயந்திரமே ஏற்றுவதால் நான்காவது ஆள் தேவையில்லை. அதே குழல் வழியாக ஏவுகணையையும் செலுத்தலாம். வண்டி தாழ்வாக இருப்பதால் எதிரியின் கண்ணில் எளிதில் படாது. ஆனால் குண்டுகள் வீரர்களின் காலடியில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கவசம் துளைக்கப்பட்டு அவை வெடித்தால் என்ன ஆகும் என்பதை உக்ரைனில் மேற்கூடு பறந்துபோன ரஷ்ய டாங்கிகள் காட்டிவிட்டன. என் கணக்கில் இது டி-90-இன் மிகப் பெரிய குறை.

அர்ஜுனில் நால்வர், குண்டு ஏற்றுவதும் மனிதக் கைதான். உட்புறம் புரி வெட்டிய 120 மி.மீ. குழல், காஞ்சன் எனப்படும் உள்நாட்டு அடுக்குக் கவசம், மேடுபள்ளத்தில் குலுக்கலை விழுங்கிவிடும் வாயு-எண்ணெய் சஸ்பென்ஷன். 2010-இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் இரண்டையும் எதிரெதிரே ஓட்டிப் பார்த்தபோது அர்ஜுன் சிறப்பாகச் செயல்பட்டதாகவே செய்திகள் வந்தன.

பிறகு ஏன் டி-90 ஆயிரத்தைத் தாண்டியது, அர்ஜுன் 124-இல் நின்றது? எடை ஒரு காரணம். பஞ்சாபின் கால்வாய்களையும் பாலங்களையும் கடக்க இலகுவான வண்டியே நல்லது. அங்கே நான் டி-90-ஐத்தான் நிறுத்துவேன். பாலைவனத்துக்கு அர்ஜுன். ஆனால் 124 வண்டிகளுக்காக எந்த உதிரிபாக நிறுவனம் தன் இயந்திரங்களை ஓட்டிக்கொண்டிருக்கும்? சிறிய ஆர்டரால் உதிரிபாகம் அருகிவிடும். உதிரிபாகம் இல்லாத வண்டி கொட்டகையில் நிற்கும். நிற்கும் வண்டியைக் காட்டியே அடுத்த ஆர்டரும் மறுக்கப்படும். அர்ஜுனை முடக்கியதில் இந்தச் சுழலுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

2021-இல் அர்ஜுனின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ வண்டிகள் 118-க்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் வந்தது. கூடுதல் பாதுகாப்பு கேட்கக் கேட்க, 58 டன்னாக இருந்த எடை 68 டன்னாகிவிட்டது. என்ஜினோ அதே 1,400 குதிரைத்திறன் ஜெர்மன் என்ஜின். முன்பு டன்னுக்கு 24 குதிரைத்திறன் இருந்த இடத்தில் இப்போது 20 சொச்சம். டி-90-க்கு 21-க்குச் சற்று மேல். இந்த ஒரு கணக்கில் அர்ஜுன் தன் முன்னிலையை இழந்துவிட்டது. 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு என்ஜின் 2024 மார்ச்சில் மைசூரில் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. அது சோதனைகளைக் கடந்து வண்டிக்குள் ஏறும்வரை, 68 டன்னையும் அந்த ஜெர்மன் என்ஜின்தான் இழுத்தாக வேண்டும்.