முதலமைச்சர் காப்பீடா, தனியார் பாலிசியா?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் பீடி சுற்றும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத்தான் முதலில் நாட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துகொண்டால், பிரீமியம் ஏதுமின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம், பழைய நோய்க்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே அது பொருந்தும். மருந்துக்கடையில் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்குக் கைக்காசுதான் (ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் அது இலவசம் என்பது வேறு).

தனியார் பாலிசியில் மருத்துவமனைகளின் தேர்வு விரியும். பிரீமியமோ வயதோடு ஏறும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்கக் காத்திருக்க வேண்டிய அதிகபட்சக் காலம் 2024இல் 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைந்ததும், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியதும் நல்ல மாற்றங்களே. ஆயினும் அறுபதைத் தொட்ட சர்க்கரை நோயாளிக்கு அந்த 3 ஆண்டும் நீண்ட காலம்தான்.