நரிய வெரட்டுத சோலார் லைட்டு: 5 மாசம் மாட்டிப் பாத்துட்டு எழுதுதேன்

மொதல்லயே சொல்லிருதேன், ரெண்டு ஸ்டார்தான். அவசரமா வாங்கப் போறவங்க இதோட நிப்பாட்டிட்டு அந்தக் காசுக்கு நல்ல வெல்ட்மெஷ் (வெல்டிங் வச்ச கெட்டிக் கம்பி வலை) வாங்கிருங்க. ஏன் ரெண்டுன்னு கேக்கவங்க மட்டும் கீழ படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

நமக்கு ஊரு திருநெல்வேலி மாவட்டத்துல மூலைக்கரைப்பட்டி பக்கம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்குல்ல, அங்கன இருந்து வண்டியில போற தூரந்தான். வாத்து 45 உருப்படி வச்சிருந்தேன், பாதி காக்கி கேம்பல், மீதி நாட்டு வாத்து. அறுப்பு முடிஞ்ச வயல்ல பத்தி விட்டா சிந்துன நெல்லு, நத்தை, புழுன்னு அதுவே தின்னு வயித்த ரொப்பிக்கிடும், தீனிச் செலவு பெருசா கிடையாது, முட்டைக்கும் ஆள் தேடி வந்து வாங்கிட்டு போறாங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு. புரட்டாசியில இருந்து ராத்திரி ராத்திரி ஒண்ணொண்ணா காணோம். காலையில போய்ப் பாத்தா எறகு மட்டும் வரப்போரமா செதறிக் கெடக்கும். ஒரு நாள் ஒரே ராத்திரியில ஆறு. அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல.

அப்பதான் போன்ல இந்த லைட்ட பாத்தேன். கம்பேனி பேரு எழுதல, எல்லாம் ஒரே டப்பாவுல வேற வேற பேரு ஒட்டி விக்காங்க, யாரச் சொல்லி என்ன. 4 பீஸ் 1,399 ரூவா. உள்ளங்கையில அடங்குத கறுப்பு டப்பா, மேல சோலார் தகடு, முன்னாடி செவப்பு பல்பு ரெண்டு. இருட்டுனதும் தானா மின்னும், விடிஞ்சா தானா அணைஞ்சிரும். சத்தமெல்லாம் கிடையாது. சங்கதி என்னன்னா, தூரத்துல இருந்து பாக்குத நரிக்கு ஏதோ பெரிய மிருகம் கண்ணத் தொறந்து பாத்துட்டு நிக்க மாரி தெரியுமாம், பயந்து ஒதுங்கிருமாம். நரி கண்ணு ஒயரத்துக்கு, அதாவது தரையில இருந்து ஒரு அடி ஒன்னேகால் அடியில மாட்டணும், நாலஞ்சு நாளைக்கு ஒருக்க எடத்த மாத்தணும்னு டப்பாவோட வந்த பேப்பர்ல போட்டிருந்துச்சு. மாட்டுன அன்னைக்கு எங்க ஆச்சி வாசல்ல நின்னு பாத்துட்டு, "ஏலே, கோயில் கொடைக்கு சீரியல் பல்பு போட்ட மாரில்லா இருக்கு, நரி வந்து கும்பிட்டுட்டு துன்னூறு வாங்கிட்டு போவுமோ"ன்னு கேட்டுச்சு. எனக்கு கோவம். இப்ப யோசிச்சா ஆச்சி சொன்னதுதான் சரியான ரிவியூ.

இத வாங்குததுக்கு முன்னாடி நடந்த கதை ஒண்ணு இருக்கு. தூக்கம் வராம ராத்திரி பூரா நரிய எப்டி வெரட்டன்னு வீடியோ தேடித் தேடி, கடைசியில அமெரிக்காவுல வாத்து வேட்டக்காரங்க பேசுத வீடியோவுல போய் நின்னுட்டேன். அது வேற ஒலகம் வே. வட டக்கோட்டா, தென் டக்கோட்டா, அதுக்கு மேல கனடாவுல மானிட்டோபா, சஸ்காட்சுவான், அந்த வட்டாரம் பூரா பனிப்பாறை நகந்து போன தடத்துல குட்டி குட்டி குழியா தண்ணி கெடக்கு, அந்தக் கண்டத்து வாத்துல பெரும்பங்கு அங்கதான் புல்லுக்குள்ள கூடு கட்டி முட்டை போடும். புல்லு பூராம் உழுது கோதுமையும் சோயாவும் போட்டுட்டாங்க, மிச்சம் இருக்குத துண்டு துண்டு புல்லுலதான் எல்லா வாத்தும் ஒக்காரணும், அப்ப தேடி வாரவனுக்கு வேலை லேசா போச்சு. கண்ணச் சுத்தி கறுப்புப் பட்டை இருக்குத ரக்கூன், நாத்தம் பீச்சுத ஸ்கங்க், செந்நரி, கீரி மாரி ஒடம்பு நீண்ட மிங்க், இதுகதான் முட்டையத் திங்குதது, நரின்னா அடைகாக்குத தாயவே தூக்கிரும். மல்லார்ட்னு ஒரு வாத்து, ஆணுக்கு தலை பச்சையா மினுங்கும், அதுல 100 கூடுக்கு 15 கூடாவது பொரிச்சாத்தான் எண்ணிக்கை குறையாம நிக்கும்னு 1980கள்லயே ஆராய்ச்சிக்காரங்க கணக்கு போட்டிருக்காங்க. பல எடத்துல அதுகூட தேறல. அதனால டெல்டா வாட்டர்ஃபவுல்னு ஒரு அமைப்பு, முட்டை போடுத சீசன்ல சம்பளத்துக்கு ஆள் போட்டு பொறி வச்சு ரக்கூனையும் ஸ்கங்கையும் புடிக்காங்க. வேட்டக்காரங்க காசு குடுக்காங்க, ஏன்னா வாத்து பெருகுனாத்தான் அவங்களுக்கு சுட கெடைக்கும். கேக்க ஒரு மாரி இருக்கும், ஆனா அங்கன ஈரநிலத்த வாங்கிப் பாதுகாக்குததும் பெரும்பாலும் இவங்க காசுதான். 1934ல இருந்து 16 வயசு ஆனவங்க வாத்து சுடணும்னா அரசாங்கம் விக்குத டக் ஸ்டாம்பு வாங்கியே ஆகணும், இப்ப 25 டாலர், அந்தக் காசு சதுப்பு நிலம் வாங்கத்தான் போவுது.

பொறி வைக்குததுல அவங்களுக்குள்ளயே சண்டையும் இருக்கு. இந்த வருசம் புடிச்சா அடுத்த வருசம் பக்கத்து காட்டுல இருந்து புது ரக்கூன் வந்து குடியேறிரும், வருசா வருசம் செலவு பண்ணிட்டே இருக்கணும், அதுக்கு பதிலா புல்லையும் தண்ணியையும் காப்பாத்துங்கன்னு ஒரு கூட்டம் சொல்லுது, 1937ல ஆரம்பிச்ச டக்ஸ் அன்லிமிடெட்னு இன்னொரு அமைப்பு எப்பவும் அந்தப் பக்கந்தான் அழுத்திச் சொல்லும். எனக்கு அதுல புடிச்ச விசயம் ஒண்ணு, கயோட்டின்னு அங்க ஒரு ஓநாய் சாதி இருக்கு, அது நடமாடுத எடத்துல செந்நரி நெருங்காது, அதனால கயோட்டி இருக்க எடத்துல வாத்துக்கூடு கூடுதலா பொரிக்குதாம். பெரிய திருடன் இருந்தா சின்னத் திருடன் வரமாட்டான்னு கணக்கு.

இதெல்லாம் பாத்துட்டு எனக்கும் கை துறுதுறுன்னு வந்துச்சு, பொறி ஒண்ணு அடிச்சு வச்சா என்னன்னு. மாப்ள ஒருத்தன் வக்கீல் ஆபீஸ்ல இருக்கான், அவன்ட்ட கேட்டேன். "நீ வாத்துக்கு காவல் பாக்கப் போயி ஒனக்கு போலீஸ் காவல் வந்துரும்டே"ன்னான். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல நம்ம நரி, கீரி, உடும்பு எல்லாம் இருக்கு, நரிய 2022ல திருத்துன பட்டியல்ல, ரொம்பக் கடுமையான பாதுகாப்பு இருக்குத மொத அட்டவணைக்கே ஏத்திட்டாங்க. கீரி முடியில செஞ்ச பெயிண்ட் பிரஷ் வித்தாலே கேஸு. அங்கன ரக்கூன புடிக்க அவங்க சட்டம் வழி விடுது, இங்கன அந்த எண்ணத்தையே மறந்துரணும். சரி, புடிக்கத்தான் கூடாது, மெரட்டலாம்லான்னு இந்த லைட்டுக்கு வந்து சேந்தேன்.

இப்ப சாமான் எப்டி வேலை செஞ்சுச்சுங்கத சொல்லுதேன். மொத மூணு வாரம் சத்தியமா ஒரு வாத்து போகல. நான் ஊரு பூரா பெருமையடிச்சேன், ரெண்டு பேரு என் பேச்ச கேட்டு ஆர்டரும் போட்டுட்டாங்க (அண்ணாச்சி, மன்னிச்சிருங்க). நாலாவது வாரம் ரெண்டு போச்சு. எடத்த மாத்தி மாட்டுனேன், பத்து நாள் தாங்குச்சு, திரும்ப போச்சு. ஒரு நாள் ராத்திரி கட்டிலப் போட்டு அங்கனயே படுத்துக் கெடந்தேன், ரெண்டு மணி இருக்கும், நரி ஒண்ணு பைய வந்து அந்த லைட்டுக்கு நாலடி தள்ளி ஒக்காந்து அதப் பாத்துட்டே இருக்கு, டீக்கடையில டிவி பாக்க மாரி. நான் டார்ச் அடிச்ச பொறவுதான் எந்திரிச்சு போச்சு, அதுவும் ஓடல, நடந்துதான் போச்சு. அடிக்காத கண்ணு எத்தன நாளைக்கு மெரட்டும்? நரி முகத்துல முழிச்சா யோகம்பாங்க, எனக்கு மறுநாள் காலையில மோட்டார் காயில் எரிஞ்சதுதான் மிச்சம். இன்னொண்ணு, அந்தப் பேப்பர்ல போட்டிருக்க நரி வெளிநாட்டு செந்நரி, நம்மூரு குள்ளநரி வேற சாதி, கூட்டமாவும் வரும், ஆளு கொஞ்சம் தைரியசாலி.

கீரிக்கு இந்த லைட்டு சுத்தமா ஆகாது, ஏன்னா கீரி வாரது பகல்ல. காலையில வாத்து வெளிய போனதும் வந்து முட்டைய உருட்டிட்டு போவும். லைட்டு அப்ப தூங்கிட்டு இருக்கும். உடும்பும் காக்காவும் அதே மாரி பகல் டியூட்டிதான்.

ஆனா உண்மையான வில்லன் யாருன்னு மார்கழியிலதான் தெரிஞ்சுச்சு. பக்கத்து தோட்டத்துக்காரர் வீட்டு கேமராவ ரெண்டு நாள் கடன் வாங்கி கொட்டாயில மாட்டுனேன். பதிஞ்சது பூராம் நாய். தெரு நாய் அஞ்சு, அதுல ஒண்ணுக்கு நானே பிஸ்கட் போட்டிருக்கேன். செவப்பு லைட்டுல மூஞ்சியெல்லாம் மின்ன மின்ன உள்ள வந்து கோழி வலைய பல்லால இழுத்துக் கிழிக்குது. அந்த ஆறு வாத்தும் நாய் வேலையாத்தான் இருக்கும்னு இப்ப தோணுது, நரின்னா பெரும்பாலும் ஒண்ணத் தூக்கிட்டு போயிரும், நாயிதான் தின்னவும் செய்யாம நெறய கடிச்சுப் போட்டுட்டு போவும். நாய் ஏன் இவ்வளவு பெருகுச்சுன்னா கொளத்தாங்கரையில ராத்திரியோட ராத்திரியா கோழிக்கழிவ மூட்டையா கொண்டுவந்து கொட்டுதாங்க, யாருன்னு ஊருக்கே தெரியும், யாரும் கேக்க மாட்டாங்க. அந்த டக்கோட்டாவுலயும் இதே கததான், ஆளில்லாத பழைய பண்ணை வீடு, தானியக் கிடங்கு, பாலத்துக்கு அடியில குழாய், இதுலதான் ரக்கூன் குடும்பம் நடத்துதாம், மனுசன் வாரதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் ரக்கூன் ரொம்பக் கம்மி. நாய கொல்லவும் முடியாது, கொல்லணும்னும் எனக்கு இல்ல, 2023 விதிப்படி கருத்தடை பண்ணி ஊசி போட்டு அதே எடத்துல விடணும், அவ்வளவுதான். விட்டா திரும்ப என் கொட்டாய்க்குத்தான் வரும்.

கூந்தன்குளத்துல எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்காரு. பொங்கலுக்கு அங்கன போனப்ப பொலம்புனேன். அவரு கொளத்தக் காட்டி, "அந்தக் கருவேல மரத்துல பாரு, மஞ்சமூக்கு நாரையும் கூழைக்கடாவும் எத்தன கூடு கட்டும். எவன் லைட்டு போட்டான்? தண்ணிக்குள்ள மரம் நிக்க வரைக்கும் நாயும் வராது நரியும் வராது. மணிமுத்தாறு தண்ணி வராம கொளம் வத்துச்சுன்னு வையி, அன்னைக்குத்தாம்டே கஷ்டம், குஞ்சு கீழ விழுந்தா அம்புட்டுத்தான்"ன்னாரு. அந்த ஊரு ஆளுங்க வீட்டு புறவாசல் மரத்துல கூட பறவை கூடு கட்ட விட்டு, தீவாளிக்கு வெடி போடாம, எச்சம் எறங்குன தண்ணிய வயலுக்குப் பாய்ச்சி வாழுதவங்க, 1994ல சரணாலயம்னு அரசாங்கம் சொல்லுததுக்கு முன்னாடி இருந்தே அப்டித்தான். அவங்க சொன்னா கேக்கணும்.

வீட்டுக்கு வந்து யோசிச்சா அந்த அமெரிக்கா வீடியோவுலயே இது இருந்துருக்கு, நாந்தான் பொறிய மட்டும் பாத்துட்டு இத விட்டுட்டேன். கம்பி வலைய குழாய் மாரி சுருட்டி நடுவுல காஞ்ச புல்லு வச்சு, தண்ணிக்கு மேல கம்பு ஊனி மாட்டி வைக்காங்க, மல்லார்ட் அதுக்குள்ள போய் முட்டை போட்டுக்கிடும். ஹென் ஹவுஸ்னு பேரு. எந்த மிருகத்தையும் புடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம், புல்லுக்குள்ள போடுத கூட விட அதுல பொரிக்குதது எவ்வளவோ கூடுதல். நம்மூரு வளப்பு வாத்து குழாய்க்குள்ள எல்லாம் ஏறாது, ஆனா விசயம் ஒண்ணுதான், நடுவுல தண்ணி கெடக்கணும்.

பண்ணைக்குட்டை ஒண்ணு இருக்கு எனக்கு. அதுக்குள்ள ஆறு கல்தூண் ஊனி மேல கொட்டாய் போட்டேன். சுத்தி ஒரு இஞ்சு வெல்ட்மெஷ், கோழி வலை வேண்டவே வேண்டாம், ரெண்டு இஞ்சு கண்ணுன்னா குட்டிக் கீரி நுழைஞ்சிரும். கரையில இருந்து ஏற ஒரு பலகை, பொழுது சாஞ்சதும் வாத்து தானா ஏறிரும், நான் பலகைய இழுத்துருவேன். காலையில ஒம்பது மணிக்குத்தான் தொறக்கது, அதுக்குள்ள முட்டை போட்டு முடிச்சிரும், கீரிக்கும் சோலி இல்ல. வெல்டிங் கூலியோட சேத்து 14,000 ஆச்சு, வலிக்கத்தான் செஞ்சுச்சு. மாசியில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு கூட போகல. இப்ப 27 நிக்கு. குட்டை இல்லாதவங்க வெல்ட்மெஷ்ஷ தரைக்கு வெளிப்பக்கமா ஒன்றரை அடி மடிச்சு மண்ணப் போட்டு மூடிருங்க, தோண்டுததுக்கு வாரது அந்தக் கம்பியில முட்டிட்டு திரும்பிரும்.

லைட்டு விக்கவங்களுக்கு மெசேஜ் போட்டேன். இடத்தை மாற்றி முயற்சிக்கவும்னு ஒரே பதில், மூணு தடவ கேட்டதுக்கும் மூணு தடவ அதே. பணம் திருப்பித் தரல, ஏழு நாள் தாண்டிருச்சாம். நாலுல ஒரு பீஸ்ல மழத்தண்ணி ஏறி செத்துப் போச்சு, வாட்டர் புரூஃப்னு அட்டையில பெருசா போட்டிருக்கு. மத்த மூணும் சார்ஜ் நல்லா நிக்கு, கார்த்திகை மூடாப்புலயும் விடிய விடிய எரிஞ்சுச்சு, அதுக்கு ஒரு ஸ்டார். மொத மூணு வாரத்துக்கு ஒரு ஸ்டார்.

ஒண்ண ஆச்சி புறவாசல்ல கக்கூசுக்கு போற வழியில மாட்டிக்கிடுச்சு, ராத்திரி தடம் தெரியுதாம். ரெண்டு பீஸ் சும்மா கெடக்கு, யாருக்கும் வேணும்னா மூலைக்கரைப்பட்டி பக்கம் வந்தா சும்மாவே தாரேன், நரிக்குன்னு மட்டும் வாங்கிட்டு போவாதிய.