ஃபெல்ட் அடி ஆற்றுக் காலணி: பிடிமானம் அருமை, ஆனாலும் வாங்க வேண்டாம்

வழுக்குப் பாறையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கான ஃபெல்ட் (நார்களை அழுத்திச் செய்த கனத்த துணி) அடிக் காலணி இப்போது இணையத்தில் கிடைக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணியில் இறங்குபவர்களுக்கும், ட்ரவுட் மீன் தேடி மூணாறு, நீலகிரி போகிறவர்களுக்கும் ஆசை வருவது இயல்பு. பிடிமானத்தில் ஒரு குறையும் இல்லை. நார்கள் பாசியின் கொழகொழப்பை ஊடுருவிப் பாறையின் சொரசொரப்பைத் தொட்டுவிடும். வெறும் ரப்பர் அடி இதற்கு ஈடாகாது.

சிக்கலும் அந்த நாரில்தான். மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே நாள்கணக்கில் ஈரம் நிற்கும். டிடிமோ என்கிற பாசிக்கு அது போதும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல்லாகவே அடுத்த ஓடைக்குப் போய்விடும். 2004-ல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இது கண்டறியப்பட்டது. ட்ரவுட் ஓடைகளில் கல் தெரியாதபடி பழுப்பாகப் படர்ந்து, தூண்டிலை இழுத்தால் கொத்தாகச் சிக்கும். பாஸ்பரஸ் மிகக் குறைந்த தெளிந்த நீரில்தான் இப்படித் தடிமனாக வளரும் என்பதால், சுத்தமான ஓடை என்று அசட்டையாக இருக்க முடியாது. 2008-ல் அந்நாடு ஃபெல்ட் அடியைத் தடைசெய்தது.

டிடிமோ குளிர்நீர்ப் பாசி. நம் சமவெளிக் குளங்களில் அஞ்சவேண்டியது அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரையையும், சால்வினியா என்கிற மிதக்கும் களைச்செடியையும். சால்வினியா ஒரு கணுத் துண்டிலிருந்தே தழைக்கும். அமலை விதையோ மிகச் சிறியது, சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். காலையில் ஒரு குளம், மாலையில் இன்னொரு குளம் என்று போகிறவரின் காலணியும் கைவலையும்தான் இவற்றுக்கு வண்டி.

ஃபெல்ட்டைச் சுத்தம் செய்யலாமே என்றால், அதற்குப் பொறுமை வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சூடு குறையாத வெந்நீரில் 40 நிமிடம் ஊற வேண்டும். ரப்பர் போன்ற நீர் உறிஞ்சாத பொருளுக்கு 20 நிமிடமே போதும். அடுப்பிலிருந்து இறக்கிய வாளி அதற்குள் ஆறிவிடும், இடையில் வெந்நீர் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்கடி சூடுபட்டால் அடியை ஒட்டிய பசையும் இளகும்.

எங்கள் பரிந்துரை, டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன ஆணி திருகிய ரப்பர் அடி. ஆணியின் நீளம் அடியின் தடிமனுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்காலில் குத்தும். தண்ணீர் தேய்த்து மழமழப்பாக்கிய பெரும்பாறையில் ஆணியும் சறுக்கும். அங்கே கையில் கம்பு அவசியம். ரப்பர் என்பதற்காகக் கழுவாமல் விடக்கூடாது. நாடா, நாக்கு, தையல் இடுக்கு எல்லாம் ஈரம் பிடிப்பவை.

கரையேறியதும் சேற்றையும் செடித்துண்டுகளையும் அங்கேயே உதறிவிடுங்கள். வீட்டில் பாத்திரம் கழுவும் திரவம் 500 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்கி, நாடாவைக் கழற்றிவிட்டுக் காலணியை 40 நிமிடம் ஊறவிடுங்கள். பாசிச் செல்லைக் கொல்ல இது போதும். அமலை விதை சாகாது, அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பழைய பல்துலக்கி அடியின் பள்ளங்களுக்கு நன்றாக எட்டும். பிறகு தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்து, அதற்கு மேலும் 48 மணி நேரம் கிடக்கட்டும். கைவலைக்கும் இதே முறைதான். முடிச்சுப் போட்ட நூல்வலையைவிட ரப்பர் வலை சீக்கிரம் காயும். சோப்பு நீரைக் கால்வாயிலோ மடையிலோ கொட்டாமல், தள்ளிப்போய் வெறும் மண்ணில் ஊற்றுங்கள்.